பொட்டு வைக்க ஒரு மிஷின்

ஆயுத பூஜை அன்று காலையில் ஆம்பூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் பூசணிக்காய் உடைபடும் சத்தம் கேட்கும். ஹேமந்த் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் புறாக்கள் இறக்கை அடிக்கும் சத்தம்தான்.

பாலாற்றை ஒட்டிய அந்தத் தோல் ஷாப்பு மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோல் பதனிட்ட கழிவுத் தண்ணீரை ஊர்க் கால்வாயில் விடுகிறார்கள் என்று ஊரே திரண்டு போராடியது. அதிகாரிகள் வந்து கரண்ட்டைப் பிடுங்கி, மெயின் பெட்டிக்கு அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மர டிரம்கள் வரிசையாகத் தூங்குகின்றன. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஹேமந்த். பதவி, வாட்ச்மேன்.

இவனை வாராவாரம் பார்த்துவரும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றுதான் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி.

ஹேமந்த்துக்கு வேலை என்றால் ஆகாது. ஆனால் வேலையில்லாமல் இருந்தவனும் இல்லை. முதலில் ஒரு தோல் ஷாப்பில் கொஞ்ச நாள். பிறகு ஷூ கம்பெனியில் கட்டிங் மிஷினில் நின்றான். அங்கேதான் தையல் லைனில் இருந்த சங்கீதாவைப் பார்த்தான், கட்டிக்கொண்டான். அங்கே டார்கெட் ஏறியதும் வேலூரில் ஒரு லாட்ஜுக்கு லிஃப்ட் ஓட்டப் போனான். லிஃப்ட் என்றால் நின்றபடியே தூங்கலாம் என்று கணக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியவர்களின் மூட்டையையும் தூக்கச் சொன்னார்கள். ஆலங்காயம் ரூட்டில் ஷேர் ஆட்டோவுக்குத் தாவினான். பிறகு சத்துவாச்சாரியில் மனை காட்டும் ஆபீஸ். அப்புறம் பிரியாணிக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர். வேலை கம்மியாக இருக்கும் என்று போவான். ஜாஸ்தியானதும் அடுத்த இடம். வேலையிலிருந்து தப்பிக்க இவன் பட்ட பாட்டை ஒரே இடத்தில் பட்டிருந்தால் இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருக்கலாம் என்று சங்கீதா சொல்வாள். அவள் சூப்பர்வைசர்.

பிரியாணிக் கடையை விட்டு நின்றதை இவன் வீட்டில் சொல்லவில்லை. கடைக்காரரே வீடு தேடி வந்து சொன்னார். அன்றே சங்கீதா மகள் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு விரிஞ்சிபுரத்தில் அம்மா மீனாம்பாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது சங்கீதாவை அவள் கம்பெனி திண்டிவனம் பக்கம் புது யூனிட்டுக்கு அனுப்புகிறது. தங்க வீடும் தருகிறார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். இரண்டா, மூன்றா என்பதுதான் கேள்வி.

போன வாரம் போனில் அவள் அதிகம் பேசவில்லை. "ஆயுத பூஜைக்குப் புள்ளய கூட்டினு வர்றேன். உன் மிஷின காட்டு. அப்பறமா பேசிக்கலாம்."

வருஷா வருஷம் நடக்கும் சங்கதிதான் அது. ஆயுத பூஜைக்கு அப்பா வேலை செய்யும் இடத்துக்குப் பிள்ளைகள் போவது இந்தப் பக்கத்து வழக்கம். மிஷினைக் கழுவிப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. தர்ஷிகாவும் வருஷம் தவறாமல் நின்றிருக்கிறாள். ஒரு வருஷம் லிஃப்ட், மறு வருஷம் ஆட்டோ, அடுத்த வருஷம் கம்ப்யூட்டர். ஒரே மிஷினுக்கு இரண்டாவது தடவை அவள் பொட்டு வைத்ததே இல்லை.

இந்த வருஷம் என்ன மிஷின் என்று அவள் போனில் கேட்டாள். வாட்ச்மேனுக்கு ஏது மிஷின். ஒரு டார்ச்சு, ஒரு பூட்டு. மகளிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. பெரிய டிரம் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான். மகளுக்குப் பின்னால் நின்ற சங்கீதாவுக்கு இவன் வாட்ச்மேன்தான் என்பது தெரியும். அவள் மகளைத் திருத்தவும் இல்லை, இவனை மறுக்கவும் இல்லை.

இதுதான் நிலவரம். மதியத்துக்குள் வந்துவிடுவதாகக் காலையில் மெசேஜ் வந்திருந்தது.

ஹேமந்த் நாற்காலியை விட்டு எழுந்தான்.

இந்த இடத்துக்கு அவன் ஆசையாகத்தான் வந்தான். ஆயுசு முழுக்கத் தேடிய வேலை ஒருவழியாகக் கிடைத்தது என்று முதல் வாரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது வாரம் என்னவோ பேஜாராக இருந்தது. இதுவரை போன இடத்திலெல்லாம் அவன் ஒளிந்துகொண்டான். யாராவது தேடிக்கொண்டு வந்தார்கள். தோல் அடுக்குக்குப் பின்னால் வந்து திட்டிய மேஸ்திரி, லிஃப்டின் கதவைத் தட்டிய மேனேஜர். இங்கே ஒளியத் தேவையில்லை. தேட ஆள் இல்லை.

சாயங்காலம் கேட்டைப் பூட்டியதும் "பூட்டிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வான். யாருக்குச் சொல்கிறோம் என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. சோற்றுப் பொட்டலத்தை ரோட்டைப் பார்த்தபடி பிரிப்பான். போகிற வருகிற யாராவது, சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்களா என்றிருக்கும். கேட்டதில்லை. இந்த ஷாப்பின் ஆளிடம் ஊர்க்காரர்கள் பேசுவதில்லை.

முந்தின நாள் மேனேஜர் சர்தார் பாஷா வந்து பொரி, கடலை, ஒரு பூசணிக்காய், சாமந்தி மாலை எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி ஷபீ அஹமது ஷாப்பு ஓடிய காலத்தில் ஒரு ஆயுத பூஜையைக்கூட விட்டதில்லையாம். பூட்டிக் கிடந்தாலும் வாசலில் காய் உடைய வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கேட்டுக்குப் பொட்டு வை, காயை உடை, உள்ளே எதையும் தொடாதே என்று பாஷா அழுத்திச் சொன்னார்.

கேட்டுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. மகளுக்கு கேட்டையா காட்டுவது?

பெரிய டிரம்களுக்குப் பின்னால் ஒரு குட்டி டிரம் இருந்தது. சாம்பிள் டிரம் என்பார்கள். புது மருந்தை முதலில் கொஞ்சம் தோலில் போட்டுப் பார்ப்பதற்கு. கையால் தள்ளினாலே சுற்றும். அதன்மேல் புறா எச்சமும் சிலந்தி வலையும் அப்பிக் கிடந்தன.

ஹேமந்த் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மழைத் தண்ணீர் தேங்கிய தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு வந்தான். தேங்காய் நாரால் வெளிப்பக்கம் தேய்த்தான். மரம் மெல்ல மெல்லச் சிவந்து எழுந்தது. அது பிடித்துப்போய், மூடியைத் திறந்து உள்ளேயும் தண்ணீர் ஊற்றினான். மூடி இறுக்கித் தள்ளினான். முதலில் அசையவே இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் ஒரு முனகலோடு நகர்ந்து, அப்புறம் தன் கனத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. அந்த ஷாப்பில் இத்தனை நாளில் அவனையும் புறாக்களையும் தவிர இன்னொன்று எழுப்பிய சத்தம்.

கைக்கு வலித்தது. நிறுத்தத் தோன்றவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல் ஒரு வேலையை இவ்வளவு நேரம் செய்கிறோமே என்று அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளத் திரும்பிப் பார்த்தான். புறாக்கள்தான்.

டிரம்மின் வாயைக் கீழே திருப்பித் திறந்தான். நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர் தளும்பிக் கொட்டி, தரை வாய்க்காலில் விழுந்து ஓடியது. தோல் பதனிடப் போட்டு, உள்ளே பாறையாகப் படிந்து கிடந்த பழைய குரோம் உப்பு. இரண்டு தடவை, மூன்று தடவை ஊற்றிக் கழுவினான். ஒவ்வொரு தடவையும் அதே நிறம், கொஞ்சம் வெளுத்து.

தோல் ஷாப்பின் தரையில் இரண்டு வாய்க்கால் உண்டு. ஒன்று டிரம் தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோவது. மற்றது மழைத்தண்ணீர் சுவருக்கு வெளியே போவதற்கு. டிரம்மைத் திறக்கும் முன் மழை வாய்க்காலின் வாயில் பலகையை இறக்கிச் சாக்கால் அடைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு மாசம் நின்றவனுக்குத் தானாகத் தெரிந்துவிடும். ஹேமந்த் முன்பு ஒரு தோல் ஷாப்பில் இருந்தவன்தான். இரண்டு மாசம் நிற்கவில்லை.

அவன் டிரம்முக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது நீலப்பச்சைத் தண்ணீர் சுவரைத் தாண்டி, ஊர்க் கால்வாயில் இறங்கி, ஊர்க்காரர் கோதண்டராமனின் தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

போன் அடித்தது. சங்கீதா என்று நினைத்து ஈரக் கையோடு எடுத்தான். சர்தார் பாஷா.

"இன்னா பண்ணி வச்ச நீ? ஊர்ல இருந்து முதலாளிக்குப் போன் மேல போன். திருட்டுத்தனமா ஷாப்ப ஓட்றோமாம். ஆபீசருங்க லீவுன்னும் பாக்காம கெளம்பிட்டாங்க."

ஹேமந்த் கழுவினேன் என்று சொன்னான். பூஜைக்காக என்று சொன்னான். கழுவினாயா என்று பாஷா திரும்பக் கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். ஷாப்பைத் திறக்கச் சொல்லிப் போட்ட கேஸ் அடுத்த மாசம் விசாரணைக்கு வருகிறது. இதில் வாட்ச்மேன் செய்தான் என்றால் கம்பெனி செய்தது என்றுதான் அர்த்தம். கம்பெனி ஆள் யாருமே அங்கே இல்லை என்றால் அது வேறு கதை.

"பின்பக்கமா போய்டு. நீ நேத்தே வேலய விட்டு நின்னுட்டன்னு சொல்லிக்கறேன். உன்ன வேற எடத்துல சேத்துவுட்றேன், ராணிப்பேட்டைல. ஒக்காந்துனே இருக்கற வேலதான். கெளம்பு."

பின்பக்கச் சுவரில் ஒரு இடம் இடிந்திருந்தது. எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாளே அவன் பார்த்து வைத்துக்கொள்வது இப்படி ஒரு வழியைத்தான். தாண்டினால் கருவேலங்காடு, அதற்கு அப்பால் ஆற்று மணல். கால் தானாகவே நாலு எட்டு அந்தப் பக்கம் போனது.

முன்கேட்டைக் கையால் அறையும் சத்தம். கும்பலின் இரைச்சல். அதற்கு நடுவே ஒரு ஆட்டோ வந்து நின்று, ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, ஏம்மா இவ்ளோ பேரு? எல்லாரும் பூஜைக்கு வந்துக்கறாங்களா?"

அவன் நின்றான். பின்பக்கமாகப் போனால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் மகள் திரும்பிப் போவாள்.

சட்டையைக்கூட எடுக்காமல் போய்க் கேட்டைத் திறந்தான்.

முன்னால் நின்றது கோதண்டராமன். அறுபது வயதிருக்கும். இந்த ஷாப்பை மூட ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் அவர்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் நீலப்பச்சைத் தண்ணீர். சத்தம் போடவில்லை. பாட்டிலை இவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"கெணறு போச்சு. பாதித் தென்ன போச்சு. மூடுனாங்களேன்னு இப்பதான் ரெண்டு குருத்து வுட்டுச்சு. யார் ஓட்டச் சொன்னது?"

யாரும் ஓட்டவில்லை, ஒரு குட்டி டிரம்மை நான் கழுவினேன் என்றான். யார் கழுவச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றான். கும்பலில் சிரிப்பு எழுந்தது. நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் இந்த ஆளா கழுவினான் என்று ஒருத்தி கேட்டாள். பேசாவிட்டாலும் ஊர் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கூட்டம் விலகியதில் சங்கீதா தெரிந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ. வியர்த்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தெம்பு வந்தது.

"இவங்க என் வூட்டுக்காரம்மா. இவங்கள கேளுங்க."

செய்த தப்பு அதுதான்.

கோதண்டராமன் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. ஒருத்தரும் சொல்லாமயே உன் வூட்டுக்காரர் இந்த வேலய இழுத்துப் போட்டுனு செஞ்சிருப்பாரா?"

சங்கீதா ஹேமந்த்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். லைனில் ஒரு தையல் தப்பினாலும் ஜோடியையே தூக்கித் தள்ளி வைப்பவள்.

"எனக்குத் தெரிஞ்சு," என்றாள் மெதுவாக, "சொல்லாம ஒரு வேலயும் செஞ்சதில்ல."

அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலாளிதான் செய்யச் சொல்லியிருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. ஓடினதை நேரில் பார்த்துவிடுவோம் என்று எல்லோரும் உள்ளே நடந்தார்கள். ஹேமந்த் அவர்களுக்குப் பின்னால் போனான், தன் வேலையிடத்துக்குத் தானே விருந்தாளி மாதிரி.

தர்ஷிகா கூட்டத்தின் காலுக்கிடையில் புகுந்து முன்னால் போய்விட்டாள். குட்டி டிரம் கூரை ஓட்டையின் வெளிச்சத்தில் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழே நீலப்பச்சைக் குட்டை.

"இதாப்பா உன் மிஷினு?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையை ஆட்டினான்.

அவள் மாலையைச் சரிசெய்தாள். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, கால் விரலில் எம்பி நின்று, டிரம்மின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். கும்பலில் இருந்த ஒரு பெண் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினாள். இன்னொருவர் தோள் துண்டை எடுத்தார். அந்த டிரம்மை அழிக்க வந்தவர்கள்தான் எல்லோரும். பொட்டு வைத்த மிஷினுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சத்தம் போட முடியாமல் நின்றார்கள்.

சங்கீதா டிரம்மைப் பார்க்கவில்லை. ஹேமந்த்தின் கையைப் பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் நீலம்; இரண்டு இடத்தில் தோல் பிய்ந்து சிவந்திருந்தது. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

வெளியே பைக் சத்தம். சர்தார் பாஷா மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஹேமந்த்தை அங்கே பார்த்ததும் ஒரு கணம் அவர் முகம் மாறியது. பிறகு கோதண்டராமனிடம் போய்க் கும்பிட்டார். பெரியவரே, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தார்.

"இவன் நேத்தே வேலய விட்டு நின்னுட்டான். சாவிகூட திருப்பித் தரல. இன்னிக்கு எதுக்கு உள்ள பூந்தான்னு அவனையே கேளுங்க."

"பாய்," என்றான் ஹேமந்த். "இப்பதான போன் பண்ணீங்க என்கிட்ட."

"பண்ணேன். உள்ள இன்னா பண்ற, வெளிய போய்டுன்னுதான சொன்னேன்?" பாஷா அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "நீதான் போவல."

போன் பண்ணியதும் போகச் சொன்னதும் உண்மை. அதுதான் கொடுமை. ஹேமந்த் சுற்றிலும் பார்த்தான். அவன் நேற்று வேலையை விட்டான் என்பதை நம்ப அங்கே ஒருவருக்கும் சிரமமில்லை. அவனைத் தெரியாத ஊர்க்காரர்களுக்கே சிரமமில்லை என்றால், தெரிந்தவளுக்கு?

சங்கீதா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்தே நின்னுட்டியா?"

"இல்ல."

லாட்ஜை விட்டபோது இதே கேள்விக்கு இதே பதில் சொன்னான். ஆட்டோவைத் திருப்பிக் கொடுத்தபோதும், பிரியாணிக் கடையை விட்டபோதும் இதே "இல்ல". அப்போதெல்லாம் பொய். இப்போது உண்மை. ஆனால் குரல் அதேதான். வேறு குரலில் சொல்லிப் பார்க்க நினைத்தான். அவனிடம் வேறு குரல் இல்லை.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண்டுபிடிக்க முயற்சி செய்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. முடியவில்லை என்றும் புரிந்தது. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். போட்டோ எடுக்கவில்லையே என்று தர்ஷிகா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஹேமந்த் தடுக்கவில்லை. எந்த வார்த்தையால் தடுப்பது?

வெளியே ஆட்டோக்காரர் அவளைப் பார்த்ததும் இன்ஜினைக் கிளப்பினார். சங்கீதா பர்ஸைத் திறந்தாள். பணத்தைக் கொடுத்து ஏதோ சொன்னாள். ஆட்டோ வளைந்து திரும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹைவே பக்கம் போனது.

காலியாகப் போனது.

அவள் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயும் வரவில்லை. இவன் பக்கம் திரும்பவும் இல்லை. நம்பி நிற்கிறாளா, நம்பாததைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் போக நிற்கிறாளா என்று ஹேமந்த்துக்குத் தெரியவில்லை.

ரோட்டின் கோடியில் அதிகாரிகளின் ஜீப் திரும்பியது.